மெயின்ஃபிரேம் லினக்ஸில் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு அமைப்பது எப்படி: விஸ்விட்ச் முதல் கடைமடை வரை

“அண்ணே, ரீபூட் பண்ணிப் பார்த்தாச்சு. நெட்வொர்க் தானா வந்துடுச்சு. முடிச்சிடலாமா?” என்று கேட்டார் கூட வேலை பார்க்கும் தம்பி. முடிச்சிடலாம் என்று நானும் சொல்லிவிட்டேன். நாலு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக, மெயின்ஃபிரேமில் பல லினக்ஸ்களைத் தாங்கி ஓட்டும் இசட்/விஎம்மையே நிறுத்தி ஏற்றினார்கள். மற்ற எல்லா லினக்ஸும் எழுந்தன. நாங்கள் கார்டு சேர்த்த லினக்ஸும் எழுந்தது, ஆனால் அதில் கார்டே இல்லை. ஐபி போகவில்லை, கேபிள் பழுது என்றெல்லாம் இல்லை. கார்டு இருந்த சுவடே இல்லை. மன்னார்குடியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து விடியும் வரை அதைத் தேடினேன்.

காரணம் எளிமையானது. இசட்/விஎம்மில் கட்டளை கொடுத்து உருவாக்கிய மெய்நிகர் கார்டு, அந்த கெஸ்ட் (இசட்/விஎம்முக்குள் லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினி) லாக் ஆஃப் ஆகும் வரைதான் இருக்கும். லினக்ஸை ரீபூட் செய்தால் கெஸ்ட் லாக் ஆஃப் ஆவதில்லை. அதனால் ரீபூட் சோதனையில் கார்டு பத்திரமாக நின்றது. நாங்கள் செய்த சோதனையே தவறான சோதனை.

மெயின்ஃபிரேம் லினக்ஸில் ஒரு கார்டை மூன்று இடத்தில் எழுதி வைக்க வேண்டும்: இசட்/விஎம்மில் ஒருமுறை, லினக்ஸின் சாதன அமைப்பில் ஒருமுறை, ஐபி அமைப்பில் ஒருமுறை. ஒரு இடத்தில் எழுதியதை மற்ற இரண்டும் அறியாது. கீழே உள்ள படிகளை இதை மனதில் வைத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கட்டளைகளை இங்கே எப்படிப் படிப்பது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மன்னார்குடியில் பல நாள் மின்சாரம் இல்லை. கும்பகோணத்தில் அக்கா வீட்டில் தங்கி, சென்னையில் கன்சோல் முன்னால் இருந்தவருக்குப் போனிலேயே கட்டளைகளைச் சொன்னேன். அன்று சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதுகிறேன், அதாவது வாயால் சொல்லும்படி. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கட்டளைப் பெயருக்குள் இடைவெளி கிடையாது. ‘எல்எஸ்கியூஎத்’ என்றால் எல், எஸ், கியூ, இ, டி, எச் என்று ஆறு எழுத்து ஒட்டி. ‘சிஎச்இசட்டெவ்’ என்றால் சி, எச், இசட், டி, இ, வி. ‘மைனஸ்’ என்றால் சிறு கோடு, ‘சமம்’ என்றால் சமக்குறி.

உதாரணத்துக்கு நம் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொள்வோம். விஸ்விட்சின் (இசட்/விஎம்முக்குள் ஓடும் மெய்நிகர் சுவிட்ச்) பெயர் காவிரி1, லினக்ஸ் கெஸ்டின் பெயர் வெண்ணாறு. இசட்/விஎம்மில் இரண்டு பெயரும் ஆங்கிலத்தில் 8 எழுத்துக்குள் அடங்க வேண்டும். குடமுருட்டி அடங்காது.

எது எதோடு சேர்கிறது

பெட்டியின் வெளியே கேபிள் செருகும் நிஜக் கார்டு ஓஎஸ்ஏ. அதை இசட்/விஎம் தன் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே விஸ்விட்ச் என்ற மென்பொருள் சுவிட்சை நடத்துகிறது. இது 2003-ல் இசட்/விஎம் 4.4-உடன் வந்தது. ஒவ்வொரு கெஸ்டுக்கும் ஒரு மெய்நிகர் நிக், அதாவது நெட்வொர்க் கார்டு, கொடுத்து அந்தச் சுவிட்சில் கோக்கிறோம். லினக்ஸுக்கு அந்த நிக், நிஜ ஓஎஸ்ஏ போலவே தெரியும். இரண்டையும் இயக்குவது கியூஎத் என்ற ஒரே டிரைவர்தான்.

பிசி சர்வரிலிருந்து வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கே ஒரு கார்டுக்கு ஒரு முகவரி இல்லை, மூன்று. படிக்க ஒன்று, எழுத ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று. நிக்கை 0600-ல் வைத்தால் 0600, 0601, 0602 மூன்றும் அதற்கே போய்விடும். படிக்கும் முகவரி இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், எழுதும் முகவரி அதற்கு அடுத்த எண். அடுத்த கார்டை 0601-ல் வைக்கப் பார்த்துச் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் எப்போதும் 0600, 0610, 0620 என்று இடம்விட்டே வைப்பேன். கண்ணுக்கு உடனே பிடிபடும்.

படி 1: தொடுவதற்கு முன் பாருங்கள்

லினக்ஸிலிருந்தே இசட்/விஎம்மைக் கேள்வி கேட்கலாம். ரூட்டாக ‘விஎம்சிபி கியூ வி நிக்’ என்று கொடுங்கள். கியூ, வி இரண்டும் தனித்தனி ஓரெழுத்துச் சொற்கள். கெஸ்டிடம் ஏற்கெனவே உள்ள நிக்குகள், அவற்றின் முகவரி, மேக், எந்தச் சுவிட்சில் கோத்திருக்கிறது என்பதெல்லாம் வரும். கட்டளையே கிடைக்கவில்லை என்றால் எஸ்390-டூல்ஸ் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விஎம்சிபி சாதனம் இல்லை என்று சொன்னால் ‘மாட்புரோப் விஎம்சிபி’ கொடுங்கள்.

விஸ்விட்சைப் பற்றி விரிவாகக் கேட்க அதிக உரிமை வேண்டும். நிர்வாக யூசரில் இருந்து ‘கியூ விஸ்விட்ச் காவிரி1 டீடெயில்ஸ்’. நிலை ‘ரெடி’ என்று இருக்க வேண்டும். அதோடு அது ஈத்தர்நெட் வகையா, ஐபி வகையா என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படி 4-ல் இது இல்லாமல் நகர முடியாது. ஈத்தர்நெட் என்றால் லேயர் 2, ஐபி என்றால் லேயர் 3.

ஒரு சிறு எச்சரிக்கை. விஎம்சிபி பதிலை வைத்துக்கொள்ளும் இடம் வழக்கமாக 8 கேபிதான். பெரிய தளத்தில் விஸ்விட்ச் விவரம் அதைத் தாண்டும், பாதியில் வெட்டுப்படும். ‘மைனஸ் மைனஸ் பஃபர் சமம் 64கே’ சேர்த்துக் கொடுங்கள்.

படி 2: இசட்/விஎம்மில் நிரந்தரமாக எழுதுவது

விஸ்விட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் ‘டிஃபைன் விஸ்விட்ச் காவிரி1 ஆர்டெவ் 1200 2200 ஈத்தர்நெட்’. 1200, 2200 இரண்டும் நிஜ ஓஎஸ்ஏ முகவரிகள். முதலாவது விழுந்தால் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். இரண்டும் வெவ்வேறு நிஜக் கார்டிலும் வெவ்வேறு வெளிச்சுவிட்சிலும் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். ஒரே கார்டின் இரண்டு முகவரிகளைக் கொடுத்துவிட்டு மாற்றுவழி இருக்கிறது என்று நம்பக் கூடாது. வகையை எழுதாமல் விட்டால் அந்தந்தத் தளத்தின் இயல்புநிலை வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈத்தர்நெட் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

அடுத்து அனுமதி: ‘செட் விஸ்விட்ச் காவிரி1 கிரான்ட் வெண்ணாறு’. இந்த இரண்டு கட்டளையும் இசட்/விஎம் மறுபடி ஏறும்போது மறைந்துவிடும். சிஸ்டம் கான்ஃபிக் கோப்பில் டிஃபைன் விஸ்விட்ச் வரியையும், அதன் கீழே ‘மாடிஃபை விஸ்விட்ச் காவிரி1 கிரான்ட் வெண்ணாறு’ என்ற வரியையும் எழுதினால்தான் நிலைக்கும். புதிய பதிப்புகளில் கெஸ்டின் டைரக்டரியில் (ஒவ்வொரு கெஸ்டுக்கும் என்னென்ன உண்டு என்று இசட்/விஎம் வைத்திருக்கும் பதிவு) உள்ள நிக் வரியையே அனுமதியாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. உங்கள் தளம் எந்த முறையில் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு அதையே பின்பற்றுங்கள். பாதிக் கெஸ்டுக்கு ஒரு முறை, மீதிக்கு வேறு முறை என்று வைத்தால் அடுத்து வருபவர்தான் கஷ்டப்படுவார்.

இனி டைரக்டரி. வெண்ணாறுவின் பதிவில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘நிக்டெஃப் 0600 டைப் கியூடிஐஓ லேன் சிஸ்டம் காவிரி1’. கார்டை உருவாக்குவது, சுவிட்சில் கோப்பது இரண்டையும் இந்த ஒரு வரி செய்துவிடும். சேமித்த பிறகு ‘டைரக்ட்எக்ஸ்ஏ யூசர் டைரக்ட்’ கொடுத்து அமலாக்குங்கள். டைரக்டரியைப் பராமரிக்கும் டிர்மெயின்ட் ஓடும் தளத்தில் கோப்பைக் கையால் தொடாதீர்கள், அதன் வழியாகவே செய்யுங்கள். என் நாலு மாதக் கதையில் விடுபட்டது இந்த ஒரு வரிதான்.

மேக் முகவரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் நிக்குக்கான மேக்கை இசட்/விஎம் தானாகவே தரும். அதன் முதல் பாதி மேக்ப்ரீஃபிக்ஸ் என்ற அமைப்பிலிருந்து வருகிறது. யாரும் மாற்றாவிட்டால் அது 02-00-00. ஒரே லேயர் 2 நெட்வொர்க்கில் இரண்டு இசட்/விஎம் இருந்து, இரண்டுமே இந்த இயல்புநிலையில் ஓடினால், இரண்டு கெஸ்டுக்கு ஒரே மேக் விழக்கூடும். அப்போது பிங் ஒரு நிமிடம் போகும், ஒரு நிமிடம் போகாது. எந்தப் பதிவிலும் பிழை இருக்காது. ஒவ்வொரு இசட்/விஎம்முக்கும் வேறு வேறு மேக்ப்ரீஃபிக்ஸை சிஸ்டம் கான்ஃபிக்கின் விஎம்லேன் வரியில் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

படி 3: இன்றைக்கே வேண்டும் என்றால்

டைரக்டரி மாற்றம் கெஸ்ட் அடுத்த முறை லாக் ஆன் ஆகும்போதுதான் அமலுக்கு வரும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸை நிறுத்த முடியாது என்றால், உடனடித் தேவைக்கு லினக்ஸிலிருந்தே இரண்டு கட்டளை:

விஎம்சிபி டிஃபைன் நிக் 0600 டைப் கியூடிஐஓ

விஎம்சிபி கப்பிள் 0600 டு சிஸ்டம் காவிரி1

கப்பிளில் அனுமதி இல்லை என்று வந்தால் படி 2-ன் கிரான்ட் விட்டுப்போயிருக்கிறது. இந்தப் படியைப் படி 2 முடிந்த பிறகே செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் இதைச் செய்தால் வேலை ஓடத் தொடங்கிவிடும், டைரக்டரி மறந்தே போகும்.

படி 4: லினக்ஸில் கார்டை எழுப்புவது

முதலில் மூன்று முகவரியும் லினக்ஸுக்குத் தெரிகிறதா? ‘எல்எஸ்சிஎஸ்எஸ்’ கொடுத்துப் பட்டியலில் 0.0.0600 முதல் 0.0.0602 வரை தேடுங்கள். இசட்/விஎம்மில் இருக்கிறது, இங்கே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது சிஐஓ இக்னோர் பட்டியலை. தேவையில்லாத சாதனங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்க லினக்ஸ் வைத்திருக்கும் பட்டியல் அது. ரெட் ஹேட் நிறுவல்களில் கிட்டத்தட்ட எல்லாச் சாதனமும் அதில்தான் கிடக்கும். ‘சிஐஓ இக்னோர் மைனஸ் ஆர் 0.0.0600-0.0.0602’ கொடுத்தால் மூன்றும் வெளியே வரும். இந்தக் கட்டளைப் பெயரில் மட்டும் இரண்டு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு உண்டு.

பிறகு முக்கியக் கட்டளை:

சிஎச்இசட்டெவ் மைனஸ் இ கியூஎத் 0600 லேயர்2 சமம் 1

மூன்று முகவரியையும் ஒரு குழுவாகச் சேர்ப்பது, லேயரை அமைப்பது, ஆன்லைன் கொண்டுவருவது, அடுத்த பூட்டுக்கும் எழுதி வைப்பது எல்லாம் இதிலேயே முடிந்துவிடும். பழைய வழக்கத்தில் சிஸ் கோப்பகத்துக்குள் போய் ஒவ்வொரு கோப்பிலும் எக்கோ செய்வோம். அது அந்த நேரத்துக்கு மட்டுமே நிற்கும். இன்று அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை.

லேயர்2 மதிப்பு விஸ்விட்ச் வகையோடு ஒத்துப்போக வேண்டும். ஈத்தர்நெட்டுக்கு 1, ஐபிக்கு 0. கார்டு ஆன்லைனில் இருக்கும்போது இதை மாற்ற முடியாது. ‘மைனஸ் டி’ கொடுத்து நிறுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். நீங்கள் எஸ்எஸ்எச்சில் வந்திருக்கும் கார்டே அதுவாக இருந்தால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற கதைதான்.

இப்போது ‘எல்எஸ்கியூஎத்’. வரும் விவரத்தில் நான் நாலு விஷயத்தை விரல் வைத்துப் படிப்பேன். கார்டு வகை: மெய்நிகர் நிக், கியூடிஐஓ என்று இருக்க வேண்டும். சிடெவ்0, சிடெவ்1, சிடெவ்2: மூன்று முகவரியும் வரிசை மாறாமல். ஆன்லைன்: 1. லேயர்2: 1. நாலும் சரி என்றால் கார்டு எழுந்துவிட்டது. கார்டின் பெயரையும் இங்கேயே பார்க்கலாம். புதிய லினக்ஸில் முகவரியிலிருந்தே பெயர் பிறக்கும்: இ, என், சி, அதோடு 600. இனி இதை ‘இஎன்சி600’ என்று எழுதுகிறேன். பழைய கையேடுகளில் எத்0 என்று இருப்பதைப் பார்த்து அதையே தட்டாதீர்கள்.

பஃபர் எண்ணிக்கையையும் கையோடு பார்த்துவிடலாம். 8 முதல் 128 வரை வைக்கலாம், ஒவ்வொன்றும் 64 கேபி. 128 வைத்தால் கார்டுக்கு 8 எம்பி நினைவகம் போகும். டேட்டாபேஸ் சர்வருக்கு நான் தயங்காமல் 128 வைப்பேன். இதையும் முதலிலேயே, கார்டு ஓடத் தொடங்கும் முன், மேலே உள்ள கட்டளையிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

படி 5: ஐபி

இங்கிருந்து மற்ற லினக்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெட் ஹேட்டில் என்எம்சிஎல்ஐ, உபுன்டுவில் நெட்பிளான், சூசேயில் 15-ஆம் பதிப்பு வரை யாஸ்ட். முகவரி 192.0.2.41/24, கேட்வே, டிஎன்எஸ் கொடுத்து எழுப்புங்கள்.

ரெட் ஹேட்டில் மட்டும் ஒரு விஷயம். நெட்வொர்க் மேனேஜர் இணைப்பிலேயே எஸ்390 சப்சேனல்கள் என்ற இடம் உண்டு, அங்கேயும் மூன்று முகவரியை எழுதலாம். பழைய நிறுவல்களில் கார்டை எழுப்புவதே அதுதான். சிஎச்இசட்டெவ்வில் எழுதிவிட்டு அங்கேயும் வேறு மதிப்புகளோடு எழுதிவைக்காதீர்கள். ஒரே இடம் போதும், எது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

விலான் (ஒரே நெட்வொர்க்கைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) இருந்தால், எந்த விலான் என்று சொல்லும் டேகை யார் போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கிரான்டில் போர்ட் ஆக்சஸ் வகையாக இருந்தால் டேகை விஸ்விட்சே போட்டு எடுத்துவிடும். லினக்ஸில் விலான் என்ற பேச்சே வரக்கூடாது. டிரங்க் வகை என்றால்தான் இஎன்சி600-ன் மேல் விலான் இன்டர்ஃபேஸ் உருவாக்க வேண்டும். இரண்டு பேரும் போட்டால் ஒன்றும் போகாது.

படி 6: கடைமடைச் சோதனை

மேட்டூரில் ஷட்டர் திறந்த செய்தி வந்ததும் தலைஞாயிறில் யாரும் நாற்று விடுவதில்லை. தன் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் நம்புவார்கள். அதே கணக்குதான் இங்கேயும். எல்எஸ்கியூஎத் சரி, ஐபி சரி, பிங் சரி என்றாலும் வேலை முடியவில்லை. கெஸ்ட் முழுதாக லாக் ஆஃப் ஆகித் திரும்பி வர வேண்டும்.

வேலை நிறுத்த நேரம் வாங்கிக்கொண்டு, நிர்வாக யூசரில் இருந்து ‘சிக்னல் ஷட்டவுன் வெண்ணாறு வித்இன் 300’. லினக்ஸ் ஒழுங்காக இறங்க 300 நொடி அவகாசம். இறங்கியதும் ‘கியூ வெண்ணாறு’ கொடுத்து, லாக் ஆன் ஆகவில்லை என்ற பதில் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அந்தப் பதில் வந்தால்தான் தற்காலிக நிக் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு ‘எக்ஸ்ஆட்டோலாக் வெண்ணாறு’. எழுந்ததும் யாரும் எதையும் தொடாமல், வெளி நெட்வொர்க்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் செய்து உள்ளே வாருங்கள். அதே விஸ்விட்சில் இருக்கும் பக்கத்துக் கெஸ்டிலிருந்து வந்து பார்த்தால் ஓஎஸ்ஏ வழியே எதுவும் போகாது, பாதிதான் சோதித்ததாகும்.

வராவிட்டால்

எஸ்எஸ்எச் இல்லை, 3270 கன்சோல் மட்டும்தான் கையில். இதில் பழக்கமில்லாதவர்கள் பதறிவிடுவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது வரி வரியாக ஓடும் திரை. விஐ ஓடாது. கோப்பைத் திருத்த எஸ்இடி அல்லது இடி என்ற பழைய எடிட்டர். கன்ட்ரோல் சி வேலை செய்யாது. அதற்குப் பதில் கூரைக்குறியைத் தட்டி, ஒட்டி சி தட்டி, என்டர். எண்ணிக்கை கொடுக்காமல் பிங் ஓடவிட்டு நிறுத்தத் தெரியாமல் விழித்தவர்கள் பலர். இசட்/விஎம்மிடம் பேச, வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி, ஒட்டி சிபி, பிறகு கட்டளை: ‘ஹேஷ்சிபி கியூ வி நிக்’. லினக்ஸ் முழுதும் உறைந்து கிடந்தாலும் இதற்குப் பதில் வரும்.

தேடும் வரிசை மேலிருந்து கீழே. கியூ வி நிக்கில் கார்டே இல்லையா, டைரக்டரி வரி இல்லை, அல்லது டைரக்ட்எக்ஸ்ஏ ஓடவில்லை. கார்டு இருந்து காவிரி1 பெயர் இல்லையா, அனுமதி விட்டுப்போயிருக்கிறது. கோத்திருக்கிறது, ஆனால் லினக்ஸில் முகவரிகள் இல்லையா, சிஐஓ இக்னோர். முகவரிகள் இருந்து எல்எஸ்கியூஎத் காலியாக இருந்தால் ‘எல்எஸ்இசட்டெவ் கியூஎத்’ கொடுத்து நிரந்தர அமைப்பு என்ற பத்தியில் ‘யெஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு ஆன்லைன் வரவே மறுத்தால் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் கியூஎத் என்று தேடி, லேயர் பொருந்துகிறதா என்று தாளில் குறித்ததோடு ஒப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து பிங் மட்டும் விட்டு விட்டுப் போனால் மேக்ப்ரீஃபிக்ஸ்.

சிறிய பிங் போகிறது, எஸ்எஸ்எச்சும் நுழைகிறது, பெரிய கோப்பு அனுப்பினால் தொங்குகிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் உச்ச அளவு. லினக்ஸில் 9000 வைத்துவிட்டு வெளிச்சுவிட்ச் 1500-லேயே இருக்கும். வழியில் உள்ள அத்தனையும் பெரிய ஃபிரேமை ஏற்கும் என்று உறுதியாகும் வரை 1500-லேயே விட்டுவிடுங்கள்.

ஹைப்பர்சாக்கெட்ஸ் பற்றிக் கொஞ்சம்

ஒரே பெட்டிக்குள் இரண்டு எல்பார் (மெயின்ஃபிரேமைப் பிரித்து வைத்த தனித்தனிப் பகுதிகள்) பேசிக்கொள்ள கேபிளே வேண்டாம். நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கே போகும் ஹைப்பர்சாக்கெட்ஸ் இருக்கிறது. கெஸ்டின் டைரக்டரியில் நிக்டெஃப்புக்குப் பதில் மூன்று முகவரியையும் டெடிகேட் செய்ய வேண்டும். லினக்ஸ் பக்கம் அதே கியூஎத், அதே சிஎச்இசட்டெவ். எம்டியூ மட்டும் வேறு கணக்கு. வன்பொருள் அமைப்பில் ஃபிரேம் அளவு 16கே என்றால் எம்டியூ 8கே, 24கே-க்கு 16கே, 40கே-க்கு 32கே, 64கே-க்கு 56கே. அளவை மாற்ற வேண்டுமானால் வன்பொருள் அமைப்பைக் கவனிப்பவரிடம் போக வேண்டும், லினக்ஸில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. டேட்டாபேஸ் ஒரு எல்பாரிலும் செயலி இன்னொன்றிலும் இருந்தால் இதை அவசியம் கேட்டுப் பாருங்கள். இதற்கும் அதே சோதனைதான்: சிக்னல் ஷட்டவுன், கியூ, எக்ஸ்ஆட்டோலாக். பிறகு எதிர் எல்பாரிலிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்பி, முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.